ஃபிலடெல்பியாவுக்குப் பாய்மரக் கப்பலில் வந்தவர்கள்

ஃபிலடெல்பியா கடலோரத் துறைமுகம் அல்ல. ஐரோப்பாவிலிருந்து வந்த பாய்மரக் கப்பல்கள் டெலவேர் விரிகுடாவில் நுழைந்து, ஆறறிந்த வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு, சுமார் 100 மைல் ஆற்றை எதிர்த்து வந்துதான் நங்கூரமிட்டன. வில்லியம் பென் 1682இல் நகரை அமைத்த மறு ஆண்டே, ஜெர்மன் நகரான கிரேஃபெல்டிலிருந்து 13 குடும்பங்கள் கான்கார்ட் கப்பலில் வந்து அருகிலிருந்த ஜெர்மன்டவுனில் குடியேறின.

தொடக்கத்தில் வந்தவர்களை எவரும் கணக்கெடுக்கவில்லை. 1717இல் ஜெர்மானியர் கூட்டமாக வந்து, யாரிடமும் தகவல் சொல்லாமல் நாட்டுக்குள் கலைந்து போனதும் மாகாண ஆளுநர் வில்லியம் கீத்துக்கு அச்சம் தட்டியது. பத்தாண்டு கழித்து, 1727 செப்டம்பரில், பதினாறு வயதைக் கடந்த அயல்நாட்டு ஆண்கள் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிகூறிக் கையெழுத்திடவேண்டும் என்ற விதி வந்தது. அதன்படி முதலில் பதிவானவர்கள் 'வில்லியம் அண்ட் சாரா' கப்பலின் பயணிகள். சந்தேகத்தில் பிறந்த இந்த ஏடுகளைத்தான் இன்று முன்னோரைத் தேடுவோர் பொக்கிஷமாகப் புரட்டுகிறார்கள். ஜெர்மன் பெயர்களை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததால் ஒரே குடும்பப் பெயருக்குப் பல வடிவங்கள். எழுதத் தெரியாதவர் ஒரு குறி போட்டார். பெண்களுக்கும் சிறுவர்க்கும் உறுதிமொழி கிடையாது; ஆகவே பெரும்பாலும் பெயரும் கிடையாது.

கப்பல் வந்து சேர்ந்தாலும் பயணி வந்து சேர்ந்ததாகாது. உடல்நலத்தோடு இருந்த ஆண்களை வரிசையாக நகருக்குள் நடத்திச் சென்று உறுதிமொழி வாங்கினார்கள். பிறகு திரும்பவும் கப்பலுக்கே கொண்டுபோனார்கள். கட்டணத்தை முழுதாகக் கட்டியவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கலாம். கட்டாதவர்களுக்கு 'ரிடெம்ப்ஷனர்' என்று பெயர். அவர்களைப் பற்றிச் செய்தி இதழில் விளம்பரம் வரும். விவசாயிகளும் கைவினைஞர்களும் கப்பலேறி, ஆளைப் பார்த்து, பேரம் பேசி, கடனை அடைத்து, சில ஆண்டு உழைப்பை வாங்கிச் செல்வார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் 21 வயதுவரை உழைக்கவேண்டும். நோயாளிகளை வாங்க ஆளில்லை. 1750இல் வந்து 1754இல் ஊர் திரும்பிய காட்லீப் மிட்டல்பெர்கர் என்ற ஜெர்மானியர், பாதி வழி கடந்தபின் கணவன் இறந்தால் அவன் கட்டணமும் மனைவி தலையில் விழுந்ததை எழுதினார். 1756இல் வெளிவந்த அவர் நூல் சொந்த நாட்டாரைத் தடுத்து நிறுத்தவே எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்துத்தான் படிக்கவேண்டும். ஆனாலும் அவர் சொன்ன இந்த வணிகத்தைப் பிறரும் பதிந்திருக்கிறார்கள்.

தொற்றுநோயாளிகளைத் தனியே வைக்க 1743இல் ஆற்றுத் தீவொன்றை மாகாணம் வாங்கியது. 1764இல் உள்ளூர் ஜெர்மானியர் சங்கம் அமைத்து, பயணிகளைக் காக்கும் சட்டத்தை அடுத்த ஆண்டே பெற்றுத் தந்தனர். விடுதலைக்குப் பின் அமைந்த அமெரிக்கக் கூட்டாட்சி அரசு தலையிட்டதோ 1819இல்தான்: ஐந்து டன்னுக்கு இரண்டு பயணிகளுக்குமேல் கூடாது, ஒவ்வொருவரின் வயது, பால், தொழில், நாடு எழுதிய பட்டியலைக் கப்பல்தலைவர் சுங்க அதிகாரியிடம் தரவேண்டும். அப்போதுதான் பெண்களும் குழந்தைகளும் முறையாக ஏட்டில் ஏறினார்கள். வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் அதே தாளில் எழுதவேண்டியிருந்தது.