ஆடியது யார், ஆட்டம் யாருடையது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வட்டாரத்து டேனரிகளில் 'ஜாப் ஒர்க்' என்றோர் ஏற்பாடு உண்டு. தோல் சென்னைப் பெரியமேட்டு வணிகருடையதாகவோ ஏற்றுமதியாளர் ஒருவருடையதாகவோ இருக்கும். டேனரிக்காரர் அதைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, முடியும் சதையும் நீக்கி, டிரம்மில் இட்டுச் சுழற்றி, பதனிட்டுத் திருப்பித் தருவார். அவருக்கு உரியது கூலி மட்டுமே. காலணித் தொழிலிலும் இதே கதைதான். மேல்பாகத்தைத் தைத்த பெண்ணின் கைத்திறம் ஒவ்வொரு தையலிலும் தெரியும். அதன்மேல் பொறிக்கப்படுவதோ கடல்கடந்த நிறுவனம் ஒன்றின் பெயர். பொருள் ஒருவருடையது, உழைப்பு வேறொருவருடையது என்பதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதே ஊர்களில் ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் இளைஞர்கள் பலர் கைப்பேசியில் விளையாடுகிறார்கள். விளையாடியதைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றுகிறார்கள், வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுகிறார்கள். அந்தப் பதிவு யாருடையது? ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் ஒருவனிடம் இதைக் கேட்டேன். "இதென்ன மாமா கேள்வி, நான்தானே ஆடினேன்?" என்றான். நியாயமான பதில்தான். ஆனால் நாற்பதாண்டு வரலாறு அவன் பக்கம் இல்லை.

வீடியோ கேம் பதிவுகள் கேளிக்கையாகப் பிறந்தவை என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். தொடக்ககாலப் பதிவுகளுள் மிக முக்கியமான ஒன்று கேளிக்கைக்காக எடுக்கப்பட்டதன்று. 1981இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் 'ஸ்கிராம்பிள்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்காவில் அதை விற்கும் உரிமையை ஸ்டெர்ன் நிறுவனம் பெற்றது. அங்கே பதிப்புரிமை அலுவலகத்தில் கொனாமி நிரலைத் தாக்கல் செய்யவில்லை. திரையில் தெரிவதையும் காதில் கேட்பதையும் ஒளிநாடாவில் பதிந்து அந்த நாடாவைத் தாக்கல் செய்தது. பிறகு காஃப்மன் என்பவர் அதேபோன்றதொரு விளையாட்டை விற்க, வழக்கு மூண்டது. எதிர்த்தரப்பு வைத்த வாதம் கூர்மையானது: ஒவ்வொருவர் ஆடும்போதும் திரைக்காட்சி மாறுகிறது, ஆகவே நிலையான படைப்பு என்று இங்கே ஒன்றுமில்லை, பதிப்புரிமை எதற்கு? 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எவர் ஆடினாலும் திரும்பத் திரும்ப வரும் காட்சிகளும் ஒலிகளும் போதுமான அளவில் இருக்கின்றன, அவை உருவாக்கியவருக்கே உரியவை என்றது.

அந்த நாடாவுக்காக யாரோ ஒருவர் காசு போடாமல் நின்று ஆடியிருக்க வேண்டும். அவர் யாரென்று எவரும் தேடவில்லை. 

அடுத்த ஆண்டே மிட்வே நிறுவனம் ஆர்ட்டிக் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில் ஆட்டக்காரரின் நிலை நேரடியாகவே பேசப்பட்டது. வீடியோ கேம் ஆடுவது நாவல் எழுதுவதைப் போன்றதன்று, தொலைக்காட்சியில் அலைவரிசை மாற்றுவதைப் போன்றது என்ற பொருள்படத் தீர்ப்பு அமைந்தது. அந்த நீதிபதிகள் 'பேக்மேன்' இயந்திரத்தின்முன் ஒரு மணி நேரமாவது நின்றிருந்தால் இந்த உவமையைத் தொட்டிருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். போகட்டும். ஆட்டக்காரர் கூலிகூட இல்லாத ஜாப் ஒர்க்காரர் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

பத்தாண்டுகள் கழித்து இதற்கு ஒரு விசித்திரமான மாற்று தோன்றியது. சட்டத்தின் வழியாக அன்று, கணினி நிரலின் வழியாக. 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட 'டூம்' விளையாட்டில் பதிவு செய்யும் வசதி உள்ளேயே இருந்தது. ஆனால் அது படத்தைப் பதியவில்லை. டூம் தன் உலகத்தை நொடிக்கு 35 முறை நகர்த்துகிறது. ஒவ்வொரு நகர்விலும் ஆட்டக்காரர் முன்னே சென்றாரா, பக்கவாட்டில் நகர்ந்தாரா, எவ்வளவு திரும்பினார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பவை மட்டும் 4 பைட்டுகளில் எழுதப்பட்டன. நொடிக்கு 140 பைட். பத்து நிமிட ஆட்டம் சுமார் 84 கிலோபைட். அந்நாளைய 1.44 எம்பி ஃபிளாப்பி ஒன்றில் ஏறக்குறைய மூன்று மணி நேர ஆட்டத்தை அடக்கிவிடலாம்.

இந்தச் சிறு கோப்பிலிருந்து முழு ஆட்டமும் எப்படி மீண்டும் உயிர்பெறுகிறது? டூமில் எதிரிகளின் அசைவுகள் தற்செயலானவைபோலத் தோன்றும். உண்மையில் அந்தத் தற்செயல் முழுவதும் 256 எண்கள் கொண்ட, என்றும் மாறாத ஒரு பட்டியலிலிருந்து வரிசையாக எடுக்கப்படுகிறது. எனவே அதே பொத்தான்களை அதே கணங்களில் கொடுத்தால் அதே ஆட்டம் அணுவளவும் பிசகாமல் மீண்டும் நிகழும். பார்ப்பவரிடமும் டூம் இருக்க வேண்டும், அதே பதிப்பு இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பதிப்பு மாறினால் கோப்பிலுள்ள வீரன் சுவரில் முட்டிக்கொண்டு வெறும் காற்றைச் சுட்டுக்கொண்டிருப்பான். பார்க்கப் பரிதாபமாக இருக்கும்.

கவனிக்க வேண்டியது இதுதான். அந்தக் கோப்பில் ஐடி சாஃப்ட்வேருக்குச் சொந்தமான ஒரு படப்புள்ளிகூட இல்லை. ஓசை இல்லை, சுவர் இல்லை, அசுரன் இல்லை. ஒரு மனிதரின் விரல்கள் எப்போது என்ன செய்தன என்பது மட்டுமே இருக்கிறது. ஆட்டக்காரரின் பங்கு, விளையாட்டை உருவாக்கியவரின் பங்கிலிருந்து இவ்வளவு தூய்மையாகப் பிரிக்கப்பட்டது அதற்கு முன்னும் பின்னும் அரிது. தோலை ஒதுக்கிவிட்டுத் தையலை மட்டும் தனியே எடுத்து வைத்ததுபோல.

1990களின் நடுவில் 'காம்பெட்-என்' போன்ற தொகுப்புகள் இக்கோப்புகளைச் சேகரித்து, யார் எந்தக் கட்டத்தை விரைவாக முடித்தார் என்று தரவரிசை போட்டன. 1996இல் வந்த 'குவேக்' விளையாட்டிலும் இதுபோன்ற பதிவு வசதி இருந்தது. 1997இல் ஒரு குழுவினர் அதன் கட்டங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்து ஓடி, கடினமான நிலையில் முழு விளையாட்டையும் 19 நிமிடம் 49 நொடியில் முடித்தனர்; ஆடி முடித்த பிறகு கேமராக் கோணங்களை மாற்றியமைத்து அதையே ஒரு படம்போல வெளியிட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் டூமின் மூல நிரல் பொதுவில் விடப்பட்டதால், முப்பதாண்டு பழமையான அந்தக் கோப்புகளை இன்றைய கணினிகளிலும் ஓட்டிப் பார்க்க முடிகிறது.

அந்த ஆண்டுகளில் நம் ஊர்களில் என்ன இருந்தது என்று கேட்கலாம். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் தொடங்கியது 1995 ஆகஸ்டு 15இல். அது பெருநகரங்களுக்கு. சிறு நகரங்களின் கடைத்தெருக்களில் மணிக்கணக்கில் காசு வாங்கும் வீடியோ கேம் கடைகள் இருந்தன. தொலைக்காட்சிப் பெட்டியும் போலி கேசட்டுகளும் இரண்டு கைப்பிடிகளும். அங்கே பதிவு என்பது பின்னால் நின்று தன் முறைக்குக் காத்திருக்கும் பையனின் நினைவு மட்டும்தான். அவன் மறுநாள் பள்ளியில் சொல்வதே பகிர்வு. அதில் கொஞ்சம் மிகையும் சேரும்.

2004ஆம் ஆண்டின் அகண்ட அலைவரிசைக் கொள்கை 256 கிலோபிட் வேகத்தையே 'அகண்டது' என்று வரையறுத்தது. அடுத்த ஆண்டு யூடியூப் பிறந்தது. கணினித் திரையைப் படமாகவே பிடிக்கும் 'ஃபிராப்ஸ்' போன்ற நிரல்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. அதன் இலவசப் பதிப்பு 30 நொடிக்குமேல் பதியாது. யூடியூபோ 2006இல் காணொளிகளுக்குப் பத்து நிமிட எல்லை வகுத்தது. இவ்வளவு இடைஞ்சல்கள் இருந்தும் படம் வென்றது, விரலசைவுக் கோப்பு ஒதுங்கியது. காரணம் எளிது: படத்தைப் பார்க்க விளையாட்டு கையில் இருக்க வேண்டியதில்லை. பார்வையாளர் கூட்டம் ஆட்டக்காரர்களின் கூட்டத்தைவிடப் பெரிதாயிற்று. ஆனால் படம் என்றதும் விளையாட்டை உருவாக்கியவரின் சொத்து முழுவதும் அதற்குள் வந்துவிடுகிறது. 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பின் கை மீண்டும் ஓங்கியது.

2013இல் நின்டெண்டோ அந்தக் கையை வெளிப்படையாகவே நீட்டியது. தன் விளையாட்டுகளை ஆடிப் பதிவேற்றியவர்களின் யூடியூப் விளம்பர வருவாயைத் தனதென்று கோரியது. எதிர்ப்பு எழுந்ததும் 2015இல் ஒரு பங்கீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது: தனிக் காணொளிகளுக்கு 60 விழுக்காடு, தன் விளையாட்டுகளை மட்டுமே காட்டும் சேனல்களுக்கு 70 விழுக்காடு. 2018 இறுதியில் அதையும் கைவிட்டு, விதிகளுக்கு உட்பட்டுப் பதிவேற்றிக்கொள்ளலாம் என்றது. இன்று பெரும்பாலான நிறுவனங்களின் நிலைப்பாடு இதுவே. ஆனால் இது அனுமதி, உரிமையன்று. தந்தவர் திரும்பப் பெறலாம்.

எங்கள் பக்கத்தில் இவையெல்லாம் பொருள்பெறத் தொடங்கியது 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான். அதுவரை மொபைல் கடைக்காரர் மெமரி கார்டில் ஏற்றித் தருவதே நம் இணையமாக இருந்தது. 2018 மார்ச்சில் பப்ஜி மொபைல் வந்தது. கணினியோ தனிக் கருவியோ தேவையில்லை. ஆடுவதும் பதிவதும் ஏற்றுவதும் ஒரே கைப்பேசியில் நடந்தன. 2020 மார்ச்சு இறுதியில் ஊரடங்கில் டேனரி டிரம்களும் தையல் இயந்திரங்களும் நின்றுபோன நாட்களில் பலருக்கு அந்தக் கைப்பேசியே மைதானம் ஆனது. பிறகு செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு தடைசெய்த 118 செயலிகளில் பப்ஜியும் ஒன்று. விளையாட்டு போயிற்று, பதிவுகள் எஞ்சின. பின்னர் கிராஃப்டன் நிறுவனம் 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் அதை மீண்டும் கொண்டுவந்தது. அதுவும் 2022 ஜூலை முதல் 2023 மே வரை கடைகளிலிருந்து காணாமற்போனது. தன் ஆட்டமைதானம் எந்தக் காலையில் பூட்டப்படும் என்பது ஆட்டக்காரருக்குத் தெரியாது.

கூலிக் கணக்கையும் பார்த்துவிடலாம். யூடியூபில் நீளக் காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு பதிவேற்றியவருக்கு. ஆனால் 2018 தொடக்கத்தில் வந்த விதிப்படி அதற்கு 1000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 2020 நவம்பர் முதல் இந்த எல்லையை எட்டாதவர்களின் காணொளிகளிலும் விளம்பரம் போடலாம் என்று நிறுவனம் விதியை மாற்றிக்கொண்டது. அந்த வருவாயில் பதிவேற்றியவருக்குப் பங்கு கிடையாது. ஆம்பூரில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காலணி தைக்கும் பெண்களுக்குக்கூட, எவ்வளவு சொற்பமானாலும், ஜோடிக் கணக்கில் கூலி உண்டு.

படத்தில் ஆட்டக்காரருக்கென்று மிஞ்சியது ஒன்றுண்டு: குரல். தமிழ் நேரலைகளைக் கேட்டவர்கள் அறிவார்கள், கூட்டம் சேர்வது ஆட்டத்துக்காக மட்டுமன்று, பேச்சுக்காக. நையாண்டியும் புலம்பலும் நண்பர்களை வாரிவிடுவதுமாக, அதை எந்தக் கொரிய நிறுவனமும் எழுதித் தரவில்லை. 2021 ஜூனில் பப்ஜி நேரலைகள் நடத்திய ஒருவர், பெண்களை ஆபாசமாகப் பேசினார் என்ற குற்றச்சாட்டில் தர்மபுரியில் கைதுசெய்யப்பட்டதும், சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பேச்சைக் கடுமையாகக் கண்டித்ததும் நாளிதழ்களில் பெரிதாக வந்தன. அவ்வகைப் பேச்சுக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்கிறேன்: வருவாய் என்று வரும்போது பதிவு யாருடையது என்பதில் ஆயிரம் ஐயங்கள் எழுகின்றன, வழக்கு என்று வரும்போது எவருக்கும் ஐயம் எழவில்லை.

நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்யப்பட்ட திருத்தம் 'நிகழ்த்துபவர்' என்ற ஒருவருக்கு உரிமை வழங்குகிறது. அவர் நிகழ்த்தியதை அவர் ஒப்புதலின்றிப் பதிவதும் ஒலிபரப்புவதும் கூடாது; உரிமை 50 ஆண்டுகள் நிற்கும். யார் நிகழ்த்துபவர்? நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, செப்படிவித்தைக்காரர், சொற்பொழிவாளர் எனச் சட்டம் ஒரு பட்டியல் தருகிறது. பாம்பாட்டியும் அதில் இருக்கிறார். இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். பட்டியலின் இறுதியில், நிகழ்த்தும் வேறு எவரும் என்று ஒரு கதவும் திறந்து விடப்பட்டிருக்கிறது. பாம்புக்கு மகுடி ஊதுபவர் நுழைந்த வாயிலில், ஒரு தீவில் தன்னந்தனியாகத் தொண்ணூற்றொன்பது பேரைச் சமாளித்துக்கொண்டே தமிழில் பேசுகிறவன் நுழைய முடியாதா என்று எந்த வழக்கறிஞராவது வாதாடிப் பார்க்கலாம். அதற்கு ஒரு மனுதாரர் வேண்டும். ஆயிரம் சந்தாதாரர் சேராதவன் சென்னைக்குப் பஸ் ஏறி வழக்குப் போடவா போகிறான்? மறுநாள் காலை ஷிப்டு இருக்கிறது.