முன்சில்லும் இடைத்தண்டும்

மாடு வண்டியை முன்னின்று இழுக்கின்றது. மோட்டார் வண்டிகளிற் பெரும்பாலானவையோ நெடுங்காலம் பின்சில்லுகளால் உந்தப்பட்டே ஓடின. இதற்குக் காரணம் யாது?

முன்சில்லு வண்டியை இழுப்பதாயின் இரு தொழில்களை ஒருங்கே செய்யவேண்டும். அது சுழலவும் வேண்டும். சாரதியின் கைக்கு அடங்கித் திரும்பவும் வேண்டும். பழைய மூட்டுகளோ, வளைந்த நிலையில், ஒவ்வொரு சுற்றிலும் வேகங் கூடியுங் குறைந்துமே சுழன்றன.

பிரான்சில் பெனாய், கிரேகுவார் என்னும் இருவர் 1926ஆம் ஆண்டில் இக்குறையை நீக்கும் மூட்டொன்றை அமைத்தனர். 1934இல் அந்திரே சித்ரோயென் முன்சில்லால் இயங்கும் வண்டியைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யத் துணிந்தார். ஆனால் அவ்வாண்டு டிசம்பரிலேயே அவருடைய கம்பனி முறிந்து, மிஷலின் கம்பனியின் கைக்கு மாறியது. 1935 யூலையில் அவர் காலமானார். அவர் ஈன்ற வண்டியோ 1957 வரை உற்பத்தியாயிற்று.

1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி வண்டியில், இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காக வைத்துக் கியர்ப்பெட்டியை அதன் அடியில் அமைத்தார். இத்தாலியரான ஜியாகோசா, 1964இல் வந்த பிரிமுலா வண்டியில், கியர்ப்பெட்டியை எஞ்சினின் பக்கத்தே பொருத்தினார். இம்முறையே பின்னர் உலகெங்கும் பரவியது.

ஆயினும் ஒரு சிக்கல் தீர, மற்றொன்று முளைத்தது. கியர்ப்பெட்டி ஒருபுறம் ஒதுங்கியதால், சில்லுகளுக்குச் செல்லும் தண்டுகளில் ஒன்று குட்டையாகவும் மற்றது நீளமாகவும் அமைந்தன. அவற்றின் சரிவுக் கோணங்களும் வேறுபட்டன. வலுமிக்க எஞ்சினை விரைவாக முடுக்கியபோது சுக்கான் ஒருபக்கம் இழுத்தது.

இதற்குப் பரிகாரமே இடைத்தண்டு. கியர்ப்பெட்டியிலிருந்து புறப்படும் இத்தண்டின் மறுமுனையை, எஞ்சினோடு பிணைத்த தாங்கியிலுள்ள பெயரிங் ஏந்துகின்றது. அதற்கப்பால் இருபுறத்துத் தண்டுகளும் ஒத்த நீளமும் ஒத்த சரிவும் பெறுகின்றன.

இதனைப் பொருத்துவோர் அவசரப்படலாகாது. தண்டின் பற்களைத் துடைத்து, எண்ணெய்ச் சீலின் விளிம்பு கிழியாவண்ணம் நேராக உட்செலுத்தவேண்டும். பெயரிங் தன் இருக்கையில் முற்றாக அமர்ந்த பின்னரே ஆணிகளை உரிய அளவில் முறுக்கவேண்டும். சிந்திய கியர் எண்ணெயை மீண்டும் நிரப்ப மறத்தலாகாது. சீல் கிழிந்தால் எண்ணெய் கசியும். கசிவைக் கவனியாது ஓடினால் கியர்ப்பெட்டியே அழியும்.

ஒரு கம்பனியையே பலிகொண்ட முயற்சி, பல நாட்டார் கைபட்டு, இச்சிறு தண்டுவரை வந்திருக்கின்றது. சுக்கானைப் பிடித்திருப்பவர் அதன் இருப்பையே உணராதவரை, அது தன் கடமையைச் சரிவரச் செய்கின்றது என்று கொள்ளலாம்.