விளையாட்டு வினையான வரலாறு

விளையாட்டு வினையாகும் என்பது பழமொழி. அதன் பொருளை ஒரு நாடே ஆராய நேர்ந்த வரலாறு தென்கொரியாவினுடையது.

1997ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி அந்நாட்டை நிலைகுலையச் செய்தது. வேலை இழந்தோர் சிலர், கையிலிருந்த முதலைக் கொண்டு 'பிசி பாங்' எனப்படும் கணினி அறைகளைத் திறந்தனர். மணிக்கு இவ்வளவு எனச் சிறு கட்டணம் செலுத்தி எவரும் அங்கே விளையாடலாம். 1998இல் அமெரிக்க நிறுவனமொன்று வெளியிட்ட 'ஸ்டார்கிராஃப்ட்' என்னும் போர் விளையாட்டு அவ்வறைகளை நிரப்பிற்று. 2000ஆம் ஆண்டில் இத்துறைக்கெனச் சங்கம் தோன்றியது. பூசான் நகரக் கடற்கரையில் 2004இல் நடந்த இறுதிப் போட்டியைக் காண ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் திரண்டனர் என்பர்.

ஆனால், மறு ஆண்டிலேயே தேகு நகரில் 28 வயதினர் ஒருவர், ஏறத்தாழ ஐம்பது மணிநேரம் பெரும்பாலும் இடைவிடாது ஆடிச் சோர்ந்து விழுந்து உயிர் துறந்தார். நாடு திடுக்கிட்டது. 2011இல் சட்டம் ஒன்று பிறந்தது. பதினாறு வயதுக்குக் குறைந்தோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை இணைய விளையாட்டுக்களில் ஈடுபடலாகாது என்பது அதன் விதி. 2012இல் பதினைந்து வயதுப் போட்டியாளர் ஒருவர், பிரான்ஸ் நாட்டவர் நடத்திய போட்டியில் ஆடிக்கொண்டிருக்கையில் நள்ளிரவு நெருங்கியது. ஆட்டத்தை இழந்த அவர், பெற்றோரின் கணக்கைக்கொண்டு மீண்டும் நுழைந்தார். சட்டத்தின் வலிமை அவ்வளவே! கைத்தொலைபேசி விளையாட்டுக்களையும் அது தடுக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அச்சட்டம் நீங்கியது.

அடிமைத்தனம் என்பது யாது? உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் ஏற்ற வரையறையிலே மணிக்கணக்குக் கூறப்படவில்லை. தன்னைக் கட்டுப்படுத்த இயலாமை, ஏனைய கடமைகளை மறத்தல், தீங்கு கண்டும் விடாமை ஆகிய மூன்றுமே அதன் அடையாளங்கள். எனவே, நாள்தோறும் பத்து மணிநேரம் பயிலும் போட்டியாளர் அடிமையாகிவிடார். ஆயினும், அவருடைய உடல் அதற்குரிய விலையைச் செலுத்துகின்றது. மணிக்கட்டு நோகும், துயில் குன்றும், இருபதுகளின் நடுவிலேயே பலர் ஓய்வு பெறுகின்றனர். 'ஃபேக்கர்' எனப் புகழ்பெற்ற வீரர் 2023இல் கைநோவினால் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். ஓய்வின் பின் திரும்பிய அவருடைய அணியே அவ்வாண்டின் உலகக் கிண்ணத்தை வென்றது. ஓய்வு வெற்றிக்குப் பகையன்று.

சியோல் நகரின் தனியார் கல்விக்கூடங்கள் இரவு பத்து மணிவரை இயங்க அனுமதி உண்டு. அங்கிருந்து வெளியேறும் சிறுவனுக்கு எஞ்சும் பொழுது இரவு ஒன்றே. நள்ளிரவில் கதவை அடைத்த சட்டம், பகலில் அவனுக்கு விளையாட ஒரு நாழிகையேனும் உண்டா என வினவவில்லை. அவ்வினாவைத் தொடாத எந்தத் தடையும் நோயின் வேரைத் தொடாது.