பெங்களூரில் மதுக்கூட வாணிகம்

பெங்களூர் கிளப் என்னும் மன்றத்தில் பழைய பேரேடு ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1899-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எழுதப்பெற்ற அதன் பக்கம் ஒன்றில், மன்றத்துக்குப் பணம் பாக்கி வைத்துச் சென்ற பதினேழு பேரின் பெயர்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று லெப்டினன்ட் சர்ச்சில். பாக்கித் தொகை பதின்மூன்று ரூபாய். 1896-இல் குதிரைப் படையோடு இந்நகருக்கு வந்த அந்த இளைஞரே பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதம மந்திரியானார்.

கடன் கொடுத்துக் கைநட்டப்பட்டவர் கதை எல்லா வாணிகத்திலும் உண்டு. மதுக்கூடம் நடத்துவோருக்கோ, வாடிக்கையாளரின் பாக்கியைக் காட்டிலும் பெரிய கவலை ஒன்று என்றும் இருந்து வந்துள்ளது. கடையைத் திறந்து வைத்திருக்க அரசு தரும் அனுமதியே அது. இவ்வாணிகத்தின் வரலாறு பெரும்பாலும் அவ்வனுமதியின் வரலாறே எனலாம்.

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைவீட்டை அமைத்தனர். அதுவே கண்டோன்மென்ட் என்று பெயர் பெற்றது. சென்னைப் படைகளைத் தொடர்ந்து தமிழ் நாட்டு வணிகரும் கைவினைஞரும் பணியாளரும் அங்கே வந்து குடியேறினர். வெள்ளைச் சிப்பாய்க்குப் பீர் வேண்டியிருந்தது. கப்பலில் வரும் பீரோ விலை மிகுந்தது. எனவே, குளிர்ந்த மலைப்பகுதிகளிலும் பெங்களூரிலும் பீர் வடிக்கும் ஆலைகள் எழுந்தன. நீலகிரியில் 1857-இல் காசில் புரூவரி தோன்றியது. 1885-இல் பெங்களூர் புரூயிங் கம்பெனி தோன்றியது. 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் இவை உள்ளிட்ட ஐந்து ஆலைகளை ஒன்றாக இணைத்து, யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். பெரிய பீப்பாய்களில் நிரப்பிய பீர் மாட்டு வண்டிகளில் ஏறிப் படைவீடுகளுக்குச் சென்றது. 1947-இல் அந்நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநராக விட்டல் மல்லையா அமர்ந்தார்.

பீர் ஆலை ஒருபுறமிருக்க, ஏழை எளியோர் நாடியது சாராயக் கடையையே. மதுவின் மீதான அரசு வரியை அந்நாளில் ஆப்காரி என்பர். நீர், தொழில் என்னும் பொருளுடைய இரு பாரசீகச் சொற்கள் சேர்ந்து பிறந்த சொல் அது. கடை நடத்தும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. மிகுந்த தொகைக்கு ஏலம் எடுத்தவர், அத்தொகையைக் குடிப்பவரிடமிருந்தே ஈட்ட வேண்டியவரானார். 1881-இல் மைசூர் மீண்டும் உடையார் வசமானபோது, கண்டோன்மென்ட் மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே நின்றது. மைசூர் அரசு 1901-இல் தனிக் கலால் சட்டம் செய்துகொண்டது. ஆகவே, ஒரே ஊரில் கடை வைக்க விரும்பியவர், தம் தெரு எந்த ஆட்சியின் எல்லைக்குள் இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டியிருந்தது. 1947-இல்தான் கண்டோன்மென்ட் மைசூரிடம் திரும்பி வந்தது.

இதனிடையே மதுவிலக்கு இயக்கம் நகரின் வாயிலுக்கே வந்துவிட்டது. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், ராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூர் அப்போது அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு வந்தது. மைசூர் மாநிலத்திலும் சில பகுதிகளில் அது நடப்பிலிருந்து, 1967-இல் நீக்கப்பட்டது.

இன்றைய மதுக்கூடங்கள் 1965-ஆம் ஆண்டின் கர்நாடகக் கலால் சட்டத்துக்கும் அதன் கீழமைந்த விதிகளுக்கும் உட்பட்டவை. பாருக்குரிய உரிமத்தைச் சி.எல்.-9 என்பர். விதிகள் அதனைச் சிற்றுண்டியறை என்றே குறிக்கின்றன. மதுவோடு உணவும் அங்கே இருந்தாக வேண்டும். கோயில், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்கு நூறு மீட்டருக்குள் கடை அமையலாகாது. உரிம ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி ஜூன் 30-ஆம் நாள் முடிகிறது. சரக்கையோ, 2003-இல் அமைந்த அரசுப் பானக் கழகத்தின் கிடங்கிலிருந்தே வாங்க வேண்டும். 1992-க்குப் பின் நெடுங்காலம் புதிய சி.எல்.-9 உரிமங்கள் வழங்கப்படவில்லை. ஆகவே, புதிதாகத் தொழில் தொடங்க விரும்பியவர் பழைய உரிமம் ஒன்றைப் பெருந்தொகை கொடுத்துப் பெற நேர்ந்தது. நாற்காலியும் மேசையும் வாங்குமுன்பே முதலின் பெரும்பகுதி ஒரு தாளுக்காகச் செலவாகிவிடும்.

அத்தாளின் வலிமையும் வரம்புக்குட்பட்டதே. மது வாணிகம் குடிமகனின் அடிப்படை உரிமையன்று. அதனை அரசு தடுக்கலாம், தானே நடத்தலாம், கட்டுப்படுத்தலாம் என்று, கோடே வடிப்பாலை கர்நாடக அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன் பொருள் 2017-இல் வெளிப்பட்டது. நெடுஞ்சாலைகளுக்கு ஐந்நூறு மீட்டருக்குள் மதுக்கடைகள் கூடாது என்று 2016 டிசம்பரில் அதே நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. பெங்களூரில் ஜூன் 30-ஆம் நாள் உரிம ஆண்டு முடிந்ததும், மகாத்மா காந்தி சாலை முதலிய இடங்களில் பல மதுக்கூடங்கள் கதவடைத்தன. நகராட்சி எல்லைக்குள் அத்தடை பொருந்தாது என்று நீதிமன்றம் அந்த ஜூலை மாதத்திலேயே விளக்கியது. அதுவரை கூடத்துக்காரர் வாடகையையும் பணியாளர் கூலியையும் கைப்பொருளிலிருந்தே கொடுக்க வேண்டியிருந்தது.

இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். 1981 ஜூலையில் பெங்களூரில் நச்சுச் சாராயம் குடித்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர். 2007 ஜூலை முதல் கர்நாடக அரசு சாராய விற்பனையை அடியோடு நிறுத்தியது. அதற்கு அடுத்த ஆண்டு மே மாதத்தில், பெங்களூர்ப் பகுதியிலும் அண்டைத் தமிழ்நாட்டிலும் கள்ளச் சாராயத்தால் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உரிமம் இல்லாத இடத்தில் நஞ்சு நுழைகிறது. உரிமம் உள்ள இடத்திலோ அரசின் கருவூலம் நிறைகிறது. இவ்விரண்டுக்கும் இடையே நின்றுதான் அரசு சட்டம் செய்கிறது.

1980-களில் பெங்களூரில் பப் என்னும் கூடங்கள் பெருகின. 2010-ஐயொட்டி, தாமே பீர் வடித்து விற்கும் மைக்ரோ புரூவரிகள் தோன்றின. படைவீட்டுக்காகத் தொடங்கிய தொழில் இன்று கணினிப் பணியாளரின் மாலைப்பொழுதை நம்பி நிற்கிறது. எனினும் இத்தொழிலில் இறங்க எண்ணுபவர், கூட்டம் வருமா என்று கணக்கிடுமுன் விதிநூலை ஒருமுறை வாசிப்பது நலம். விற்பனைக் கணக்கோடு, குடித்தவர் பாதுகாப்பாக வீடு சேர்ந்தாரா என்னும் கணக்கும் அவரைச் சார்ந்ததே. சர்ச்சிலின் பதின்மூன்று ரூபாயை மன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. 1981-இல் கணவரை இழந்த பெண்கள் தம் இழப்பை எந்தப் பேரேட்டிலும் தள்ளுபடி செய்ய இயலவில்லை.