பதினாலு வந்த வழி

ராயகிரியில் உட்கார்ந்தபடி நிஃப்டி ஏறுமுகமா இறங்குமுகமா என்று பார்க்க நினைக்கும் ஓர் இளைஞர், கைபேசியில் சார்ட்டைத் திறந்து இண்டிகேட்டர் பட்டியலில் விலையின் வேகத்தை அளக்கும் ஆர்.எஸ்.ஐ.யைத் தொட்டால் கூடவே ஓர் எண்ணும் வந்து நிற்கும்: 14. அவர் அதைக் கேட்கவில்லை, செயலியும் காரணம் சொல்லாது. எந்த புரோக்கரின் செயலியானாலும் அதே பதினாலுதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல 1978 முதல் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது.

தாத்தாவின் ஊர் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள கிரீன்ஸ்பரோ. அங்கிருந்த ஜே. வெல்ஸ் வைல்டர் இயந்திரவியல் பொறியாளர். நில வியாபாரம் பார்த்துவிட்டுச் சரக்குச் சந்தைப் பக்கம் வந்தவர். 1978 ஜூனில் ‘கமாடிட்டீஸ்’ இதழில் ஆர்.எஸ்.ஐ. பற்றி எழுதினார். அதே ஆண்டு வெளியான அவருடைய ‘நியூ கான்செப்ட்ஸ் இன் டெக்னிக்கல் டிரேடிங் சிஸ்டம்ஸ்’ என்ற புத்தகத்தில் அது விரிவாக வந்தது. பங்குக்காரர்களைவிட, சோயாவும் பருத்தியும் வெள்ளியும் வாங்கி விற்றவர்களை மனத்தில் வைத்துச் செய்த கருவி அது.

கணக்கு எளிது. கடந்த 14 நாட்களில் ஒவ்வொரு நாளும் முடிவு விலை முந்தைய நாளைவிட எவ்வளவு மாறியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏறிய நாட்களின் ஏற்றத்தை மட்டும் கூட்டினால் 42 ரூபாய், இறங்கிய நாட்களின் இறக்கத்தைக் கூட்டினால் 28 ரூபாய் என்று வைப்போம். இரண்டையும் 14ஆல் வகுத்தால் சராசரி ஏற்றம் 3, சராசரி இறக்கம் 2. மூன்றை இரண்டால் வகுத்தால் 1.5. அதோடு 1 சேர்த்து, 100ஐ அந்த 2.5ஆல் வகுத்தால் 40. நூறிலிருந்து 40 போக மிச்சம் 60. அதுதான் ஆர்.எஸ்.ஐ. எழுபதைத் தாண்டினால் வாங்கியது மிஞ்சிவிட்டது, முப்பதுக்குக் கீழே போனால் விற்றது மிஞ்சிவிட்டது என்று வைல்டர் கோடு போட்டார்.

இதில் எனக்குப் பிடித்தது வைல்டர் செய்த ஒரு சிக்கனம். மறுநாள் பழைய 14 விலைகளையும் திரும்பக் கூட்ட வேண்டாம். நேற்றைய சராசரியை 13ஆல் பெருக்கி, இன்றைய ஏற்றத்தையோ இறக்கத்தையோ சேர்த்து, 14ஆல் வகுத்தால் போதும். வீட்டுக் கணினி இன்னும் பரவாத காலம். சந்தை மூடிய பிறகு, ஒரு கால்குலேட்டரும் கோடு போட்ட தாளும் வைத்துக்கொண்டு நாளுக்கு ஒரு வரி எழுதுபவருக்காகச் செய்த சூத்திரம் அது. நாளுக்கு ஒரு வரி என்பதால் முடிவும் நாளுக்கு ஒன்றுதான்.

சரி, ஏன் பதினாலு? 28 நாள் சந்திரச் சுற்றில் பாதி என்பதால் வைல்டர் அதைத் தேர்ந்தார் என்று சந்தைக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். பௌர்ணமியையும் அமாவாசையையும் நாட்காட்டியில் பார்த்துக் காரியம் தொடங்கும் நம் ஊருக்கு இது அப்படியொன்றும் விநோதமில்லை.

ஆர்.எஸ்.ஐ. தனியாகப் பிறக்கவில்லை. அதே புத்தகத்தில் ஏ.டி.எக்ஸ்., ஏ.டி.ஆர்., பாராபாலிக் எஸ்.ஏ.ஆர். ஆகியவையும் இருந்தன. ஏ.டி.எக்ஸ். சொல்வது போக்கு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதை. அது 25க்கு மேல் போனால் சந்தை ஏதோ ஒரு திசையில் நடக்கத் தொடங்கிவிட்டது என்பார்கள். அது மேலேயா கீழேயா என்பதை உடன் வரும் வேறு இரண்டு கோடுகள் சொல்லும். ஏ.டி.ஆர். சொல்வது ஒரு நாளில் விலை சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்பதை. போக்கு வலுவாக இருக்கும்போது ஆர்.எஸ்.ஐ. எழுபதுக்கு மேலேயே வாரக்கணக்கில் கிடக்கும். அந்த எழுபதைப் பார்த்து விற்றவர் ஏறும் சந்தையைத் தவறவிட்டுக்கொண்டே இருப்பார். ஆகவே ஏ.டி.எக்ஸ்.ஸைப் பார்க்காமல் ஆர்.எஸ்.ஐ.யை நம்பலாகாது. ஆனால் புத்தகத்தைவிட்டுப் புறப்பட்டபோது உடன்பிறந்தவற்றில் ஆர்.எஸ்.ஐ.க்குக் கிடைத்த புகழ் மற்றவற்றுக்குக் கிடைக்கவில்லை.

அது பிறந்த காலத்தில் இந்தப் பக்கம் அதற்கு வேலையே இல்லை. 1960-களின் நடுவில் இந்தியா பருத்தி உட்படப் பல சரக்குகளில் முன்பேர வணிகத்தை நிறுத்தியிருந்தது. 2003இல்தான் தடை முழுவதும் விலகியது. எம்.சி.எக்ஸ். சந்தை தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். அதுவரை சங்கரன்கோவில் வட்டாரத்து விவசாயிக்கு மிளகாய், பருப்பு விலை என்றால் நாளிதழில் வரும் விருதுநகர் மார்க்கெட் நிலவரம்தான். அன்றைய விலையை நேற்றைய விலையோடு ஒப்பிட்டு, விற்கலாமா வைத்திருக்கலாமா என்று யோசித்த கமிஷன் கடைக்காரர்களுக்கு வைல்டரின் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் செய்த வேலையில் பெரிய வித்தியாசமில்லை.

பங்குச் சந்தை வழியாகத்தான் பதினாலு உள்ளே வந்தது. 1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை பங்கு வணிகத்தைத் திரையில் தொடங்கியது. செயற்கைக்கோள் இணைப்பு இருந்ததால் மும்பைக்கு வெளியிலும் டெர்மினல் வைக்க முடிந்தது. மெட்டாஸ்டாக் போன்ற மென்பொருள்கள் ஆர்.எஸ்.ஐ.யைச் சுமந்து வந்தன. 2000இல் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி இணைய வணிகத்துக்கு வழிவிட்டது, 2010இல் கைபேசி வணிகத்துக்கு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையை உடைத்தது. 2022 ஆகஸ்டில் நாட்டின் டீமேட் கணக்குகள் 10 கோடியைத் தாண்டின. ராயகிரிக்காரர் சிவகிரிக்கோ ராஜபாளையத்துக்கோ பஸ் ஏறி புரோக்கர் அலுவலகத்தில் உட்கார வேண்டிய தேவை போய்விட்டது.

இந்த நீண்ட வழியில் எங்கோ பதினாலுக்குப் பின்னால் இருந்த ‘நாள்’ உதிர்ந்துபோனது. இப்போது பலர் பார்ப்பது ஐந்து நிமிட சார்ட். அதில் ஐந்து நிமிட விலையைக் காட்டும் ஒவ்வொரு பட்டைக்கும் மெழுகுவர்த்தி என்று பெயர். 14 என்றால் 14 மெழுகுவர்த்திகள், அதாவது 70 நிமிடம். சந்திரனின் பாதிச் சுற்று ஒரு மணி பத்து நிமிடமாகச் சுருங்கிவிட்டது! சந்தை நேரம் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை 375 நிமிடம், ஐந்து நிமிட மெழுகுவர்த்தி 75. வைல்டரின் தாளில் ஒரு நாளைக்கு ஒரு முடிவு எடுக்க இடம் இருந்தது. இங்கே 75 முறை கை துறுதுறுக்கும்.

நாள் சார்ட்டை வைத்துக்கொண்டால் மட்டும் தப்பித்துவிடலாம் என்றும் இல்லை. 2020 பிப்ரவரி 28 அன்று நிஃப்டி 11,201இல் முடிந்தது. ஆர்.எஸ்.ஐ. முப்பதுக்குக் கீழே. ‘ஓவர்சோல்டு, இனி ஏறும்’ என்று அன்று வாங்கியவர் மார்ச் 23 அன்று 7,610ஐப் பார்த்தார். மூன்றரை வாரத்தில் சுமார் 32 சதவீதம் போயிற்று. கருவி பொய் சொல்லவில்லை. விற்பனை மிஞ்சியிருக்கிறது என்றுதான் சொன்னது, விற்பனை நின்றுவிட்டது என்று சொல்லவில்லை. ஊரடங்கு வரப்போகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

அப்படியானால் போக்கைப் பார்த்து வாங்குவதே வீண்வேலையா? அதுவும் சரியில்லை. 1993இல் நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் அமெரிக்கப் பங்குகளில் 1965 முதல் 1989 வரையிலான விலைகளை ஆராய்ந்தார்கள். கடந்த ஆறு மாதத்தில் நன்றாக ஏறியவற்றை வாங்கி, மோசமாக இருந்தவற்றை விற்று, ஆறு மாதம் வைத்திருந்தால் ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம் கூடுதல் வரவு கிடைத்திருக்கும் என்று காட்டினார்கள். போக்கு உண்டு. ஆனால் அவர்கள் அதைக் கண்டது மாதக்கணக்கில். 70 நிமிடத்துக்கு அந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. வகுப்பெடுக்கும் பலர் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை, சொன்னால் வகுப்புக்கு ஆள் வராது என்பது என் சந்தேகம்.

இப்படி அடிக்கடி வாங்கி விற்பவர்கள் நிறைந்த ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தின் கணக்கைச் செபி போட்டது. 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டப்பட்டார்கள். ஆளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். தரகு, கட்டணம், வரி என்று மட்டும் ஏறத்தாழ 50,000 கோடி. அடிக்கடி வாங்கி விற்பவரிடமிருந்து ஒவ்வொரு முறையும் சிறிது கழிந்துகொண்டே இருக்கும், இண்டிகேட்டர் சரியாகச் சொன்னாலும் தவறாகச் சொன்னாலும். 2024 நிதியாண்டில் இவர்களில் 72 சதவீதத்துக்கும் அதிகமானோர் முதல் 30 நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். ராயகிரி போன்ற பேரூராட்சிகள் அந்தக் கணக்குக்குள் வருகின்றன. நான்கில் மூன்று பேரின் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழே. பாடம் நடத்துகிறோம் என்ற பெயரில் நேரடி விலையைக் காட்டி ஆள் சேர்ப்பதைத் தடுக்க, மூன்று மாதத்துக்குள்ளான விலை விவரத்தைக் கல்வி என்று சொல்லிக் காட்டக்கூடாது என 2025 ஜனவரியில் செபி கட்டுப்பாடு போட்டது.

வைல்டர் பின்னாளில் தம் சூத்திரங்களையே ஓரம் வைத்தார். 1987இல் வந்த அவருடைய ‘ஆடம் தியரி’ புத்தகம், இண்டிகேட்டர்களை விட்டுவிட்டு விலை போகும் பக்கம் போகச் சொல்கிறது. 2021இல் இறந்தார்.

அவர் செய்தவற்றில் இப்போதும் சோறு போடக்கூடியது என்று நான் நினைப்பது அதிகம் பேசப்படாத ஏ.டி.ஆர். ஒரு பங்கு 400 ரூபாய், அதன் ஏ.டி.ஆர். 10 ரூபாய் என்று வைப்போம். வைல்டர் தம் முறை ஒன்றில் பயன்படுத்தியதுபோல அதை ஏறத்தாழ மூன்று மடங்காக்கினால் 30. ஸ்டாப் லாஸ், அதாவது நட்டம் பெருகாமல் விற்றுவிடும் விலை, 370. இந்த ஒரு வியாபாரத்தில் 3,000 ரூபாய்க்கு மேல் இழக்கக்கூடாது என்று ஒருவர் முடிவு செய்திருந்தால், அவர் வாங்கக்கூடியது 100 பங்கு, போடும் பணம் 40,000. ஏ.டி.ஆர். 20 ஆகிவிட்டால் வாங்கக்கூடியது 50 பங்குதான். இதை மாலை மூன்றரைக்குப் பிறகு, சந்தை மூடியபின், ஒரு தாளில் எழுதிப் போடலாம்.