காகிதக் கொக்கும் சியோனான் நினைவும்

கொக்கு என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழுவது காத்திருத்தலே. 490ஆம் குறளும் காலம் பார்த்திருப்பதற்கு அதனையே உவமையாக்கியது. ஜப்பானியர்க்கோ அது நெடுவாழ்வின் சின்னம். கொக்கு ஆயிரம் ஆண்டு வாழும் என்பது அவர்தம் பழைய நம்பிக்கை. திருமண ஆடைகளில் அது சிறகு விரிப்பதும் அதனாலேயே. தாளைக் கொக்காக மடிக்கும் கலையும் அங்குப் பழையது. 1797இல் கியோத்தோவில் வெளிவந்த நூலொன்று, இணைந்த கொக்குகளை ஒரே தாளில் உருவாக்கும் 49 வகைகளைக் காட்டுகிறது.

அக்கொக்கினை அமைதியின் சின்னமாக்கியவர் சடாகோ சசாகி என்னும் சிறுமி. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு வயது இரண்டு. இரத்தப் புற்றுநோயால் மருத்துவமனையில் கிடந்த அவர், ஆயிரம் கொக்கு மடித்தால் வேண்டியது கிட்டும் என நம்பி, மருந்து சுற்றிய தாள்களையும் விடாது மடித்தார். 1955 அக்டோபர் 25 அன்று மறைந்தார். 644 கொக்குகளோடு அவர் கை ஓய்ந்தது என்பது பின்னாளைய நாவலொன்றின் புனைவே. அவர் ஆயிரத்தைக் கடந்தார் என்பர் குடும்பத்தார். கடந்தும் உயிர் பிழைக்கவில்லை என்பதன்றோ கொடுமை!

இக்கதையைச் சிங்கப்பூரில் சொல்வது எளிதன்று. போருக்கு முன்பு, லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள மிடில் ரோட்டை ஒட்டி ஜப்பானியர் குடியிருந்தனர். அவர்கள் வாழ்ந்த தெருக்களுள் ஒன்றன் பெயர் மலபார் தெரு! அண்டை வீட்டாராயிருந்தவரின் நாட்டுப் படையே 1942 பிப்ரவரி 15 அன்று இந்நகரைக் கைப்பற்றிச் 'சியோனான்' எனப் பெயர் மாற்றியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளும் அப்பாதை நெடுகிலும் காலராவாலும் பசியாலும் மாண்டனர். சடாகோவின் உயிரைக் குடித்த அதே குண்டு, இங்கிருந்தோர்க்கு விடுதலையை விரைவுபடுத்திய செய்தியாகவே வந்து சேர்ந்தது. செப்டம்பர் 12 அன்று நகராண்மைக் கட்டடத்தில் ஜப்பானியர் சரணடைந்தபோது மகிழாதவர் அரியர். அம்மகிழ்ச்சியைக் குற்றமென்று கூற நமக்கு மனம் வரவில்லை. அதற்காகச் சடாகோவின் கொக்கை ஒதுக்கவும் மனம் வரவில்லை.

1967இல் பீச் ரோட்டில் திறக்கப்பட்ட குடிமக்கள் போர் நினைவுச் சின்னத்தில் நான்கு தூண்கள் நம் இனங்களைக் குறித்து நிற்கின்றன. எழுத்துகளுள் தமிழும் உண்டு. அதனடியில் இங்கு மாண்டோரின் எச்சங்கள் தாழிகளில் உள்ளன. சயாமில் மாண்ட தமிழர் அவற்றுள் இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அதே பாதையில் மாண்ட தோட்டத் தமிழருள் பெரும்பாலோரின் பெயர் எக்கல்லிலும் இல்லை.