பாத்மே: அளக்காத எல்லையும் முன்னாள் தோழர்களின் போரும்

1998 மே 6 அன்று எத்தியோப்பிய–எரித்திரிய எல்லையில், பாத்மே என்னும் சிற்றூருக்கு அருகே இரு தரப்பு ஆயுதக் குழுக்கள் மோதிக்கொண்டன. எரித்திரிய வீரர்கள் சிலர் மாண்டனர். மே 12இல் எரித்திரியா கவச வாகனங்களுடன் படை நடத்தி அவ்வூரைக் கைப்பற்றியது. தொடர்ந்த ஈராண்டுப் போரில் மாண்டவர்கள் எழுபதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. எல்லைக்கோடு தெளிவற்றுக் கிடந்ததே காரணம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தெளிவின்மைக்கு ஏறத்தாழ நூறு வயது. அது 1998இல் மட்டும் ஏன் போராக வெடித்தது?

எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கும் அன்று எரித்திரியாவை ஆண்ட இத்தாலியும் 1900, 1902, 1908 ஆகிய ஆண்டுகளில் செய்துகொண்ட ஒப்பந்தங்களே எல்லையின் ஆவணங்கள். 1902 ஒப்பந்தப்படி கோடு செத்தித் ஆற்றோடு சென்று, மைத்தெப் என்ற ஓடை கலக்குமிடத்தில் திரும்பி, மெரெப் ஆற்றை நோக்கிப் போக வேண்டும். குனாமா மக்கள் எரித்திரியாவின் பக்கம் அமைய வேண்டும். அந்தப் பெயரை ஒத்த ஓடை மேற்கேயும் உண்டு, கிழக்கேயும் உண்டு. எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்துப் பாத்மே கைமாறும். நிலத்தில் கல் நட்டு எல்லை குறிக்கும் வேலை நடக்கவே இல்லை. 1962இல் எரித்திரியாவை எத்தியோப்பியா தன் மாகாணமாக இணைத்துக்கொண்ட பின், அந்த எல்லை உள்நாட்டு நிர்வாகக் கோடாகச் சுருங்கியது.

1991 மே மாதத்தில் இராணுவ ஆட்சியை வீழ்த்தியவை எரித்திரிய மக்கள் விடுதலை முன்னணியும், திக்ராய் மக்கள் விடுதலை முன்னணி தலைமையிலான கூட்டணியும். முறையே அவற்றின் தலைவர்களான இசையாஸ் அஃபெவர்கியும் மெலஸ் செனாவியும் போர்க்களத் தோழர்கள். 1993இல் எரித்திரியா தனி நாடானபோதும் எல்லையை அளக்க யாரும் அவசரம் காட்டவில்லை. தலைவர்களுக்கிடையிலான நம்பிக்கையே நிறுவனங்களின் இடத்தை நிரப்பிவிடும் என்று இரு தரப்பும் எண்ணியது பெரும்பிழை என்றே கருதுகிறேன்.

1997 நவம்பரில் எரித்திரியா நக்ஃபா என்ற சொந்த நாணயத்தை வெளியிட்டது. பெரிய அளவிலான வணிகத்தை அந்நியச் செலாவணியில்தான் நடத்த வேண்டும் என்றது எத்தியோப்பியா. அதுவரை இரு பக்கமும் எத்தியோப்பியாவின் பிர் நாணயமே செல்லுபடியானது. ஒரு மூட்டை தெஃப் தானியத்தோடு சந்தைக்குப் போகிறவரிடம் எந்த நாட்டவர் என்று கேட்க வேண்டிய தேவை குறைவு. இனி சுங்கம் வசூலிக்க வேண்டும், கடத்தலைத் தடுக்க வேண்டும். சோதனைச் சாவடியை எங்கே போடுவது? அப்போதுதான் அளக்காத கோடு அன்றாட ஆட்சிச் சிக்கலாயிற்று. அதற்கு முன்பே, 1997 ஜூலையில், எல்லையோரப் பாதா பகுதிக்குள் எத்தியோப்பியப் படை நுழைந்திருந்தது. ஆகஸ்டில் இசையாஸ் மெலஸுக்குக் கடிதம் எழுதினார். கூட்டு எல்லைக்குழு ஒன்றும் அமைந்தது. 1998 மே 6 மோதலுக்கு இரண்டு நாள் கழித்து அக்குழு அடிஸ் அபாபாவில் கூடியது. அதன் பேச்சை முந்திக்கொண்டன கவச வாகனங்கள்.

1998 ஜூன் 5 அன்று அஸ்மரா விமான நிலையத்தில் எத்தியோப்பியாவும், மெக்கெல்லேயில் எரித்திரியாவும் குண்டு வீசின. மெக்கெல்லேயில் பள்ளியொன்றும் தப்பவில்லை. 1999 பிப்ரவரியில் எத்தியோப்பியா பாத்மேயை மீட்டது. 2000 டிசம்பர் 12இல் அல்ஜியர்ஸில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதன்படி அமைந்த எல்லை ஆணையம் 2002 ஏப்ரல் 13இல் தீர்ப்பளித்தது. பாத்மே எந்தப் பக்கம் என்று தீர்ப்பு வெளிப்படையாகச் சொல்லாததால், இரு நாடுகளும் வெற்றி கொண்டாடின. ஆணையத்தின் கோட்டின்படி ஊர் எரித்திரியாவுக்கே என்பது பின்னர் தெளிவானதும், எத்தியோப்பியா அதை ஏற்க மறுத்தது. அதே அமைதி ஒப்பந்தப்படி அமைந்த இழப்பீட்டு ஆணையமோ, 2005 டிசம்பரில், 1998 மே மாதத் தாக்குதலால் ஐ.நா. சாசனத்தை மீறியது எரித்திரியாவே என்று தீர்ப்பளித்தது. படையெடுத்துப் பெற முயன்ற ஊரை எரித்திரியாவுக்கு அளித்தது அதே பழைய ஒப்பந்தங்களின் சட்டம்தான். அவை 1998லும் கையருகேதான் இருந்தன.

எல்லைக் கற்களை நட இயலாத நிலையில், எல்லை ஆணையம் 2007இல் ஆயத்தொலைகளை வரைபடத்தில் மட்டும் குறித்துத் தன் பணியை முடித்துக்கொண்டது. எல்லைத் தீர்ப்பை முழுமையாக ஏற்பதாக எத்தியோப்பியா அறிவித்தது 2018 ஜூனில், அபிய் அகமது பிரதமரான பிறகு.